லயன் தீவுக்கு இந்தப் பக்கம்

கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று நார்த்மீட்டில் கேட்டால், பாதிப் பேர் சற்று யோசித்துவிட்டு ரயில் நிலையத்துக்கு வழி சொல்வார்கள். பரமட்டாவுக்கு வடக்கே, செங்கல் வீடுகளும் புல்வெட்டும் இயந்திரங்களுமாகக் கிடந்த அந்தப் புறநகரில்தான் கணேசலிங்கம் ஒரு பாய்க்கப்பல் கட்டினார். வீட்டுப் பின்வளவில், துணி காயப்போடும் கம்பத்துக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவில். அதுவும் சிமெண்டில்.

சிமெண்ட் கப்பல் என்றதும் சிரிக்கத் தோன்றும். ஆனால் எழுபதுகளில் ஆஸ்திரேலியப் பின்வளவுகளில் அது ஒரு காய்ச்சல் மாதிரிப் பரவியிருந்தது. இரும்புக் குழாயில் எலும்புக்கூடு செய்து, அதன்மேல் கம்பியையும் கோழிக்கூட்டு வலையையும் பல அடுக்காக இழுத்துக் கட்டி, சிமெண்ட் கலவையைப் பூசிவிட்டால் கப்பல் தயார். மரம் வேண்டாம், தச்சர் வேண்டாம், பொறுமை போதும் என்றன விளம்பரங்கள். பல கணவர்கள் தொடங்கினார்கள். சில கப்பல்களில் பிற்பாடு தக்காளி நன்றாகக் காய்த்தது.

கணேசலிங்கத்தை அந்தக் கணவர்களோடு சேர்க்க முடியாது. சிமெண்ட் அவருடைய தொழில். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் பொறியியல் படித்து, சிட்னிக்கு வந்து, புதிதாகக் கட்டும் பாலங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தார். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். வீட்டுக்கு வந்தவர் எழுந்து போகும்வரை கொட்டாவிகூட விடாத மனிதர். ஆனால் ஒப்பந்தக்காரர்கள் அவருக்கு நடுங்கினார்கள். கான்கிரீட் ஊற்றத் தொடங்கினால் முடிக்கும்வரை நிறுத்தக்கூடாது என்பது அவருடைய ஒரே வேதம். பாதியில் நிறுத்தினால் காய்ந்தது ஒரு பக்கம், ஈரம் ஒரு பக்கம். இரண்டும் கை குலுக்குமே தவிர ஒன்றாகாது. நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு நிற்கும். தண்ணீர் ஒருநாள் அதைத் தேடி வரும். தேநீர் குடிக்க நிறுத்திய குற்றத்துக்காக ஒரு முழுச் சுவரையே உடைக்க வைத்திருக்கிறார். வேலைத்தளங்களில் அவருக்கு வைத்த பெயர் 'மிஸ்டர் நோ டீ'.

கப்பல் ஆசை அவருடையதும் அல்ல. அவர் மனைவி திலகவதியுடையது.

திலகவதி நகரத்தில் ஒரு பயண நிறுவனத்தில் தட்டச்சு செய்தார். கரீபியன் தீவுகளுக்கு இடையே பாய்க்கப்பலில் செல்லுங்கள், எழில்மிகு துறைமுகங்களில் நங்கூரமிடுங்கள் என்ற வாசகத்தை அவர் எத்தனையோ தடவை தட்டியிருப்பார். அன்டிகுவா, செயின்ட் லூசியா, பெக்வே, கிரெனடா என்ற பெயர்கள் அவர் விரலுக்குப் பழகியிருந்தன. ஒருநாள், இந்தத் துறைமுகங்களில் உண்மையில் என்னதான் இருக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டார். முதலாளி உட்பட எவரும் போனதில்லை. தண்ணீர் நீலமாக இருக்கும் என்று ஒருவர் ஊகித்தார். பார்க்காத ஒன்றை இவ்வளவு அழகாக வர்ணித்துக்கொண்டிருக்கிறோமே என்று திலகவதிக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வர்ணனையை நிறுத்தலாம், அல்லது போய்ப் பார்க்கலாம். நிறுத்தினால் சம்பளம் நிற்கும். ஆகவே போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தார்.

வார இறுதிகளில் பாய்க்கப்பல் வகுப்புக்குப் போனார். முதல் நாள் சேலை. இரண்டாம் நாளிலிருந்து கணவரின் காற்சட்டை. மூன்றே மாதத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று கன்னத்தால் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். நம்மவர்கள் இதற்கு உடனே காரணம் கண்டுபிடித்தார்கள். பிள்ளை இல்லை, அதுதான் கப்பல் என்றார்கள். பிள்ளை உள்ளவர்கள் ஏன் கோல்ஃப் விளையாடப் போனார்கள் என்பதை யாரும் விளக்கவில்லை.

திட்டம் இதுதான்: கப்பல் முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு, வடக்கே போய் மேற்கே திரும்பி, இந்து சமுத்திரம் கடந்து, ஆப்பிரிக்காவின் முனையைச் சுற்றி, அட்லாண்டிக் வழியாகக் கரீபியன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வெள்ளையருக்கு ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் பிரித்து வைத்திருந்த டர்பனில் எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க நம்மை விடுவார்கள் என்பது மட்டும் வரைபடத்தில் இல்லை. புயலைவிட அதைப் பற்றித்தான் இருவரும் அதிகம் பேசினார்கள்.

இரண்டு வருடம் கம்பி கட்டினார்கள். எழுபத்தாறாம் ஆண்டு ஏப்ரலில், பூச்சு நாள் வந்தது.

இந்த மாதிரிக் கப்பலுக்கு உயிர் அந்த ஒரு நாளில் இருக்கிறது. முழு உடலையும் ஒரே மூச்சில் பூசி முடிக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் பீப்பாய் பீர் வைத்து நண்பர்களைக் கூப்பிடுவார்கள். கணேசலிங்கம் சிட்னியில் இருந்த தமிழரைக் கூப்பிட்டார். அப்போது நாம் அவ்வளவு பேர் இல்லை. கோயிலும் இல்லை, மண்டபமும் இல்லை. கூடுவதற்கு ஏதாவது சாட்டுக் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்த காலம். கணக்காளர்கள், மருத்துவர்கள், சர்வேயர்கள் என்று நாற்பது பேர் ஒரு சனிக்கிழமை காலையில் பழைய சட்டையோடு வந்து இறங்கினார்கள். பெண்கள் சரிகைச் சேலையோடும் பெரிய பாத்திரங்களோடும் வந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சுபகாரியம். வாசலில் மாவிலை கட்டாததற்குக் காரணம், மாமரம் கிடைக்காததுதான்.

பூச்சுத் தெரிந்தவர் ஒரே ஒருவர்: பக்கத்து வீட்டு இத்தாலியர் வின்சென்சோ, முப்பது வருடக் கொத்தனார். நம் டாக்டர்மார் கலவையை வலைக்குள் அழுத்த, அவர் பின்னாலேயே வந்து கரண்டியால் இழைத்தார். முன்னால் தொடங்கிப் பின்னால் போனார்கள். மத்தியானம் வலப்பக்கம் முடிந்துவிட்டது. இடப்பக்கத்தில் பாதி தாண்டியிருந்தது. வெயிலும் காற்றும் இதமாக இருந்தன. மனிதருக்கு இதம், பூச்சுக்கு அல்ல.

அப்போது சாப்பாடு தயார் என்று குரல் வந்தது.

கலவையில் கை வைத்தபடி ஆளுக்கொரு வாய் சாண்ட்விச் சாப்பிடலாம் என்பது கணேசலிங்கத்தின் எண்ணம். ஆனால் புல்தரையில் தார்ப்பாய் விரித்து, பந்தி வைத்துவிட்டார்கள். சாம்பார், மூன்று கறி, வடை, அப்பளம், பாயசம். பந்தியில் உட்கார்ந்த ஒருவர் பக்கத்தில் இருப்பவர் முடிக்கும் முன் எழுவது நம்மிடம் நடக்கிற காரியமா? பாயசம் இரண்டாம் முறை வந்தது. வின்சென்சோ மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, தம் தொழில் வாழ்க்கையில் இப்படியொரு வேலைத்தளத்தைக் கண்டதில்லை என்று கண்கலங்கச் சொல்லி, எலுமிச்சை மரத்தடியில் தூங்கிப் போனார்.

எல்லாரும் கை கழுவி எழுந்தபோது ஈஸ்வரமூர்த்தி தம் இடது கையைப் பார்த்தார்.

ஈஸ்வரமூர்த்தி கோயம்புத்தூர்க்காரர், துணி ஆலையில் சாய ரசாயனம் பார்ப்பவர். நல்ல மனிதர். மேற்குச் சிட்னியில் பஞ்சாங்கம் வைத்திருந்த ஒரே ஆள். அது வருடா வருடம் கப்பல் தபாலில் வரும். சித்திரையில் கிளம்பினால் ஆடியில் சேரும். நடுவிலுள்ள மாதங்களில் நம் கிரகங்கள் கடலில் இருக்கும். பிள்ளைக்குப் பெயர் வைப்பதிலிருந்து கார் வாங்குவது வரை அவரைக் கேட்காமல் எவரும் செய்வதில்லை. வலது கையில் சிட்னி நேரத்துக்கு ஒரு கடிகாரம், இடது கையில் சென்னை நேரத்துக்கு ஒன்று.

"அங்க இப்ப ஒம்பது மணி ஆச்சுங்க," என்றார். "சனிக்கிழமை. ராகு காலம் ஆரம்பிச்சாச்சு."

சிட்னியின் ஒன்பது மணி காலையிலேயே போய்விட்டதே என்று ஒரு சர்வேயர் கேட்டார். உடனே விவாதம் பிடித்துக்கொண்டது. ராகு நாம் இருக்கும் இடத்தின் சூரியனைப் பார்க்கிறாரா, பஞ்சாங்கம் அச்சடித்த இடத்தின் சூரியனையா? ஒரு டாக்டர் பூமத்திய ரேகையைக் கொண்டுவந்தார். நம் நட்சத்திரங்கள் நம்மோடு விசா வாங்கி வரவில்லை, அவை அங்கேதான் இருக்கின்றன, ஆகையால் சென்னை நேரம்தான் சரி என்று ஒரு கணக்காளர் வாதாடினார். கடைசியில், நடந்துகொண்டிருக்கும் வேலை ராகு காலத்தில் தொடரலாம், தொடங்கத்தான் கூடாது என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். அங்கேதான் சிக்கல். கை கழுவிவிட்டார்கள். இனி கலவையில் கை வைத்தால் அது தொடர்வதா, தொடங்குவதா?

"கடலுக்குப் போற பொருளுங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி மிகுந்த அக்கறையோடு. "ஒன்றரை மணி நேரந்தானுங்களே. நான் சொல்றதைச் சொல்லிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

அப்புறம் உங்கள் இஷ்டம் என்று சொல்லப்பட்ட பிறகு தம் இஷ்டப்படி நடந்த தமிழரை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

திலகவதி கப்பலுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். அவர் சாப்பிடவே வரவில்லை. உள்பக்கத்திலிருந்து கலவை சரியாகப் பிதுங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சாருங்கோ, நிப்பாட்டலாமோ?" என்று கணவரைக் கேட்டார்.

நாற்பது பேரும் கணேசலிங்கத்தைப் பார்த்தார்கள். சுவரை உடைக்க வைத்த மனிதர், பூச்சின் விளிம்பில் பெருவிரலை வைத்துப் பார்த்தார். இன்னும் ஒட்டியது.

"கொஞ்ச நேரம்தானே," என்றார்.

அந்தக் கொஞ்ச நேரம் முழுதும் அவர் அங்கேயே நின்றார். எல்லாரும் நிழலில் அரசியல் பேசினார்கள். அவர் மட்டும் அடிக்கடி விளிம்பைத் தொட்டார். முதலில் விரலில் கலவை ஒட்டியது. பிறகு ஈரம் மட்டும் ஒட்டியது. பிறகு நகத்தால் கீறினால் கோடு விழுந்தது. பிறகு விழவில்லை.

ராகு காலம் முடிந்ததும் வின்சென்சோவை எழுப்பினார்கள். அவர் விளிம்பைப் பார்த்தார், கணேசலிங்கத்தைப் பார்த்தார். கணேசலிங்கம் பார்வையை எலுமிச்சை மரத்துக்கு மாற்றிக்கொண்டார். சிமெண்ட் பாலைத் தடவி, மேலே பூசி, இழைத்து, மாலைக்குள் முடித்தார்கள். அழகாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அடுத்து வந்த வாரங்களில் ஈரச் சாக்குப் போட்டு மெல்ல இறுகவிட்டார்கள். உள்ளே மர வேலை, பாய்மரம், வர்ணம் என்று இன்னும் ஒன்றரை வருடம் போயிற்று. வெளியே நீல வர்ணம் நான்கு பூச்சு. அந்தக் கோடு எங்கே ஓடுகிறதென்று கணேசலிங்கத்துக்கு மட்டும் தெரியும்: இடப்பக்கம், நடுவுக்குச் சற்றுப் பின்னால், மேல்தளத்திலிருந்து அடிவரை.

பெரிய லாரியில் ஏற்றி, பிட்வாட்டர் துறையில் கிரேனால் இறக்கினார்கள். கப்பலுக்கு நீலாம்பரி என்று பெயர். முன்முனையில் தேங்காய் உடைக்கலாமா என்று கேட்டபோது கணேசலிங்கம் பதறிப்போய், கீழே ஒரு கல்லில் உடைக்கச் சொன்னார். புதுவீட்டுக்குச் செய்வதுபோல் உள்ளே சின்ன அடுப்பில் பால் காய்ச்சினார்கள். பால் பொங்குகிற நேரத்தில் அவர் மண்டியிட்டு, படுக்கைப் பலகையைத் தூக்கி, உள்சுவரைத் தடவினார். விரல்கள் ஈரமாயின. அதிகமில்லை. வியர்வை மாதிரி, ஒரு கோடாக.

சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையால் துடைத்தார். எல்லாரும் அவர் கும்பிடுகிறார் என்று நினைத்தார்கள்.

கரீபியன் பயணத்துக்கு ஒத்திகை வேண்டும் என்றார் திலகவதி. சிட்னிக்கு வடக்கே புரோக்கன் பே என்ற விரிகுடா இருக்கிறது. காடு கவிந்த குன்றுகள் தண்ணீரில் கால் நனைக்கும் இடம். அதற்குள் கை விரித்தது போல எத்தனையோ சின்னக் குடாக்கள். திலகவதி கரீபியன் வரைபடத்தைக் கப்பலுக்குள் ஒட்டி, குடாக்களுக்குத் தீவுகளின் பெயரை வைத்தார். அருவி விழும் ரெஃப்யூஜ் பே செயின்ட் லூசியா ஆயிற்று. பேசின் என்ற குடா அன்டிகுவா. அமெரிக்கா பே கிரெனடா. ஞாயிறுதோறும் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனார்கள். நங்கூரம் போடும் இடத்தை அவர்தான் தேர்ந்தெடுப்பார். காற்றுக்கு மறைவு, அடியில் மண்ணா பாறையா, அலை எந்தப் பக்கம் என்று பார்த்து, கை காட்டுவார். கணேசலிங்கம் சங்கிலியை இறக்குவார். சங்கிலிச் சத்தம் அடங்கியதும் சில்வண்டுகளின் சத்தம் கேட்கத் தொடங்கும். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு சிமெண்டும் என்று திலகவதி சொல்வார்.

பூச்சு வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் கப்பலில் தங்களுக்குப் பங்குண்டு என்று நம்பினார்கள். புளியோதரையோடு முறை வைத்து வந்தார்கள். போன ஞாயிறு எங்கே காணோம் என்று கேட்டால், "கிரெனடாவுக்குப் போயிட்டமப்பா," என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அலுவலகத்தில் அதைக் கேட்ட வெள்ளைக்காரர்கள் நம் சம்பளத்தைப் பற்றிச் சந்தேகப்பட்டிருக்கக்கூடும்.

இந்தக் குதூகலத்தில் ஒரு வழக்கத்தை யாரும் கவனிக்கவில்லை. நங்கூரம் விழுந்ததும் கணேசலிங்கம் கீழே இறங்கிப்போவார். சற்று நேரம் கழித்து, ஈரத் துணியொன்றைப் பிழிந்தபடி வருவார். சமையலறை துடைத்தேன் என்பார். நல்ல புருஷன் என்று பெண்கள் தங்கள் கணவர்களுக்கு எடுத்துக்காட்டினார்கள்.

இன்னொரு வழக்கத்தைத் திலகவதி மட்டும் கவனித்தார். புரோக்கன் பேயின் வாயில் லயன் தீவு படுத்திருக்கிறது. அதைத் தாண்டினால் திறந்த கடல். தாண்டுவோம் என்று அவர் சுக்கானைத் திருப்பும்போதெல்லாம் கணேசலிங்கத்துக்கு ஏதாவது வந்துவிடும். மேகம், தலையிடி, விருந்தாளிக்கு நேரமாகிறது, கயிறு தேய்ந்திருக்கிறது. ஒரு வருடமாக லயன் தீவுக்கு இந்தப் பக்கமே சுற்றினார்கள். கணவருக்குக் கடல் பயம் என்று திலகவதி முடிவு செய்தார். வாயால் சொல்லவில்லை. ஆனால் பயந்த மனிதரிடம் பேசும்போது குரலில் ஒரு பொறுமை வந்து சேர்ந்துவிடும், அந்தப் பொறுமை வந்துவிட்டது. கணேசலிங்கத்துக்கு அது கேட்டது. கோடு கசிவதைவிட அது அவரை அதிகம் வருத்தியது.

சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பது அவ்வளவு சிக்கலான விஷயம் அல்ல. சொன்னால் கப்பல் போச்சு, அது ஒன்று. சொன்னால் நாற்பது பேரின் சனிக்கிழமையும் போச்சு, ஈஸ்வரமூர்த்தியின் மனைவி பத்மா கிண்டிய பாயசமும் குற்றவாளிக் கூண்டில் ஏறும், ஈஸ்வரமூர்த்தி இரண்டு கடிகாரத்தையும் கழற்றிவிட்டுத் தலைகுனிவார். வந்த விருந்தாளியைச் சங்கடப்படுத்தக்கூடாது என்ற பாடத்தை நாம் தாய்ப்பாலோடு குடித்துவிடுகிறோம். அதற்கு மாற்று மருந்து இல்லை.

எழுபத்தெட்டில், நார்த்மீட் வீட்டு முன் புல்தரையில் வீடு விற்பனைக்கு என்ற பலகையை முகவர் வந்து நட்டுவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு இருவர் மட்டும் போனார்கள். ரெஃப்யூஜ் பேயில், அதாவது செயின்ட் லூசியாவில், நங்கூரம் போட்டார்கள். உச்சி வெயிலில் அருவி வெள்ளைக் கயிறு மாதிரித் தொங்கியது. கணேசலிங்கம் வழக்கம்போல் கீழே போக எழுந்தார். திலகவதி இருக்கச் சொன்னார்.

"உங்களுக்குக் கடல் பயமெண்டால் சொல்லுங்கோப்பா," என்றார். "நான் கோவிக்க மாட்டன். பலகையைக் கழட்டச் சொல்லுவம். ஊராக்களுக்கு என்னைச் சாட்டுங்கோ."

தப்பிக்கும் கதவு திறந்து கிடந்தது. ஓம், பயம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு தப்பும், கப்பல் தப்பும், ஈஸ்வரமூர்த்தியும் தப்புவார். ஒரு ஆள் கோழை என்று பெயர் வாங்குவதோடு எல்லாம் முடியும். அதுவும் அன்பான கோழை. கணேசலிங்கம் அருவியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அந்த வார்த்தை அவர் வாய்வரைக்கும் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒருமுறை வாயைத் திறந்து மூடினார்.

"திலகம், கீழை வா," என்றார்.

படுக்கைப் பலகையைத் தூக்கிக் காட்டினார். திலகவதி குனிந்து விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு.

"எப்ப தொட்டு?"

"தண்ணியிலை இறக்கின நாள் தொட்டு. அதுக்கு முதலே எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமையே தெரியும்."

திலகவதி விரலை அந்தக் கோட்டின் வழியே கீழ்வரை இழுத்தார். பிறகு, "நான் உங்களைக் கேட்டனான்," என்றார். "நிப்பாட்டலாமோ எண்டு உள்ளுக்கை நிண்டு கேட்டனான்."

"ஓம்."

"பாலத்திலை எண்டால் உடைக்கச் சொல்லுவியள். உங்கடை வீட்டிலை வாய் வரேல்லையோ?"

"பாலத்துக்கு ஆரும் பாயசத்தோடை வாறேல்லை," என்றார் கணேசலிங்கம். சிரிக்க வைக்கப் பார்த்தார்; அவருக்கே சிரிப்பு வரவில்லை. "அது மட்டுமில்லை. ராகு காலத்தை நான் நம்பிறேல்லை. ஆனா நீ இதிலை கடலுக்குப் போகப்போறாய். ஒருவேளை அந்த மனுசன் சொல்லுறது சரியெண்டால் என்ன செய்யிறது எண்டு ஒரு யோசினை வந்திட்டுது. பாலத்திலை நீ போறேல்லைத்தானே."

பொறியியல் படித்த ஒருவர் இதைவிடக் கேவலமான காரணத்தைச் சொல்ல முடியாது. ஒரு மனைவி இதைவிட நல்ல காரணத்தைக் கேட்டிருக்கவும் முடியாது. திலகவதி இரண்டையும் உணர்ந்த முகத்தோடு இருந்தார்.

கோட்டை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி பூசலாமா என்று கேட்டார். பூசலாம் என்றார் கணேசலிங்கம். ஆனால் வெட்டிய இடத்துக்கு இரண்டு கரை உண்டு. ஒரு கோடு போய் இரண்டு கோடு வரும். இந்தக் குடாக்களுக்குள் நீலாம்பரி நம்மைவிட நீண்ட நாள் மிதக்கும். ஆப்பிரிக்க முனையின் அலையில் அது எப்படித் திறக்கும் என்று தாம் பொறுப்பேற்க முடியாது. இதைச் சொன்னபோது அவர் குரல் வேலைத்தளத்துக் குரலாக இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு திலகவதி அந்தக் குரலைக் கேட்டார்.

"துடைச்சதுதான் எனக்குக் கோவம்," என்றார் கடைசியில். "ஒவ்வொரு முறையும் போய்த் துடைச்சுப்போட்டு, குசினி துடைச்சன் எண்டு சொன்னியள் பாருங்கோ. அது."

திரும்பி வரும் வழி முழுதும் அவர் சுக்கானை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும், காரிலிருந்து இறங்கி நேரே புல்தரைக்குப் போய், விற்பனைப் பலகையை இரண்டு கையாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். கணேசலிங்கம் உதவிக்குப் போனார். வேண்டாமென்று தலையாட்டினார். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, குழியை மட்டும் மூடச் சொன்னார்.

மறுவருடம் திலகவதி தனியாகக் கரீபியனுக்குப் போனார். விமானத்தில். அன்டிகுவாவிலிருந்து கிரெனடா வரை போகும் ஒரு பாய்க்கப்பலுக்குக் கூலியில்லாத கையாள் ஒருவர் தேவைப்பட்டார். அவருடைய அலுவலகம் மூலமாகவே அது தெரியவந்தது. போய் வா என்று முதலில் சொன்னது கணேசலிங்கம்தான். விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தவரைப் பார்க்க, துக்க வீட்டுக்குப் போவதுபோல் ஆட்கள் வந்தார்கள். கட்டிய கப்பல் பிட்வாட்டரில் கிடக்க, பெண்சாதி ஊர் பேர் தெரியாதவர்களின் கப்பலில் போவதா என்று கேட்டார்கள். கணேசலிங்கம் தேநீர் கொடுத்து அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. ஈஸ்வரமூர்த்தி மட்டும் ஒரு கருத்து வைத்திருந்தார். இவ்வளவு காலம் நீலாம்பரிக்கு ஒரு கீறலும் விழாததற்கு அந்தச் சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் பொறுத்ததுதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லிவந்தார். யோசித்துப் பார்த்தால் மறுக்கவும் வழியில்லை. அன்று நிறுத்தியதால்தான் கப்பல் பெருங்கடலுக்குப் போகவில்லை. போகாததால்தான் மூழ்கவில்லை.

திலகவதி கறுத்து, இளைத்து, கையில் காய்ப்போடு திரும்பினார். துறைமுகங்கள் எப்படி என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எழில்மிகு என்று இத்தனை வருடம் தட்டியது பொய்யில்லை என்றார். தண்ணீர் நீலம்தான்.

அடுத்த ஞாயிறு இருவரும் ரெஃப்யூஜ் பேக்குப் போனார்கள். போகும் வழியில்தான் அவர் இன்னொன்றைச் சொன்னார். அங்கே ஒவ்வொரு துறைமுகத்திலும் நங்கூரம் விழுந்த கையோடு தாம் கீழே போய்ப் பலகையைத் தூக்கி உள்சுவரைத் தடவிப் பார்த்தாராம். எப்போதும் காய்ந்தே இருந்ததாம். என்ன தேடுகிறாய் என்று அந்தக் கப்பல் தலைவர் கேட்டாராம்.

கணேசலிங்கம் சங்கிலியை இறக்கினார். சத்தம் அடங்கியது. சில்வண்டுகள் தொடங்கின. அவர் கொடியில் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இஞ்சை தாங்கோ," என்று திலகவதி கையை நீட்டினார். "இண்டைக்கு நான் துடைக்கிறன். நீங்கள் அருவியைப் பாருங்கோ."